உண்ணி டீச்சரும் மீன்கடைக்காரரும்

மாட்டைக் கடிக்கும் உண்ணியை எல்லாருக்கும் தெரியும். தண்ணீருக்குள்ளும் உண்ணி உண்டு, கடுகைவிடச் சின்னதாக, எட்டுக் காலோடு, சிவப்பும் பச்சையும் நீலமுமாக நீந்தித் திரியும் என்று சொல்லிப் பாருங்கள். "சரி, அதுக்கு என்ன இப்போ?" என்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே காது புளித்துப்போனவர் ஒருவர் இருக்கிறார். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறார். பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசைகட்டி நிற்கும். என்ன பிரயோஜனம்? தெருவில் வந்து உண்ணி டீச்சர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

வீடு மாடியில். கீழே கடை. அது அவருடைய கணவரின் வண்ணமீன் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், நாள் முழுக்கக் காற்றுக் குமிழியின் களகள சத்தம், ஒரு ஓரத்தில் தொட்டிக்குள் வைக்கும் நீர்ச்செடிகள். கல்லாவில் மீன்கடைக்காரரின் தங்கை உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

இந்தக் கடையில் உண்ணி என்றால் வேண்டாத விருந்தாளி. செடியோடு ஒட்டிக்கொண்டு வரும். சிவப்பு உண்ணியை மீன்கூடத் தின்னாது, வாயில் போட்ட வேகத்தில் துப்பிவிடும். தொட்டியில் சிவப்புப் புள்ளி ஓடுவதைப் பார்த்தால் வாங்க வந்தவர் மீனுக்குச் சீக்கு என்று நினைத்துக் கிளம்பிவிடுவார். "உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க, வந்து கூட்டிட்டுப் போ" என்று மீன்கடைக்காரர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். டீச்சர் இறங்கி வந்து பார்த்து, "இது ரொம்பச் சாதாரணம்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். ஒரே உயிர், கீழே தொல்லை, மாடியில் செல்லம். எப்படியோ குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சரின் வேலையைச் சொல்வது சுலபம், செய்தால்தான் இடுப்பு போகும். ஊரின் விளிம்பில், மரம் அறுக்கும் பட்டறைக்குப் பின்னால் ஒரு ஓடை. அதில் இறங்கி, காலால் கல்லையும் பாசியையும் கலைத்து, மெல்லிய வலையில் அள்ளி, வெள்ளை ட்ரேயில் கொட்டி, குனிந்தபடி காத்திருக்க வேண்டும். சேறு அடங்கும். முதலில் ஒன்றுமே இருக்காது. கொஞ்ச நேரம் போனால், குப்பை என்று நினைத்த ஒரு புள்ளி தன்பாட்டுக்கு நடக்கத் தொடங்கும். அதைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, கிளிசரினும் அமிலமும் கலந்த குப்பியில் விட வேண்டும். அப்புறம் வீட்டில் மைக்ராஸ்கோப்பின் கீழ் உடம்பைத் திறந்து, காலில் உள்ள ஒவ்வொரு மயிரையும் பார்த்துப் படம் வரைந்து, இது யார், இதுவரை எங்கெங்கே பார்த்திருக்கிறார்கள் என்று பழைய கட்டுரைகளைக் குடைய வேண்டும். உலகத்தில் எந்த உண்ணி எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில் டீச்சரின் பகுதி வெறும் வெள்ளையாகக் கிடந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அந்த வெள்ளையில் புள்ளி வைப்பதற்காகவே டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துவிட்டார்.

மீன்கடைக்காரரும் கூடவே போவார். ஒரு கையில் குடை, ஒரு கையில் வலை. உண்ணியில் அவருக்கு அக்கறை கிடையாது. கரையில் நின்று கொட்டாவி விடுவார், பட்டறைக்காரர்களிடம் கதை பேசுவார். ஆனால் ஒரு ஞாயிறும் தப்பாது.

டீச்சரிடம் ஒரு விநோதம் உண்டு. வகுப்பில் அவர் பேசுவது கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. வீட்டில் குக்கர் சத்தத்துக்கு மேல் அவர் குரல் எழும்பாது. ஆனால் ட்ரேயில் நல்லதாக ஒன்று அகப்பட்டுவிட்டால் ஒரு கத்து கத்துவார் பாருங்கள், மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையெல்லாம் பறந்துவிடும். கத்தியதே தெரியாத மாதிரி அடுத்த நொடி குனிந்துகொள்வார்.

அந்தக் கத்தல் ஒருநாள் நின்றுபோனது. ஒரு பச்சை உண்ணியைப் புது இனம் என்று நம்பி, பல வருஷம் பாடுபட்டுப் படமெல்லாம் வரைந்து, இந்தத் துறையிலேயே மூத்தவரான ஒரு அம்மாளுக்கு அனுப்பினார். அந்த அம்மாள் வெகுதூரத்து நாட்டில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறார். உண்ணிகளுக்கெல்லாம் பெரியம்மா என்பதால் வீட்டில் அவருக்குப் பெரியம்மா என்றே பெயர். பெரியம்மா மிகவும் தன்மையாகத்தான் பதில் எழுதினார். ரொம்பக் காலத்துக்கு முன்பே வேறொருவர் இதை ஒரே ஒரு பெண் உண்ணியை வைத்து விவரித்துவிட்டாராம், படம் மோசம் என்பதால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். தன்மையாகச் சொன்னால் வலிக்காதா என்ன? டீச்சர் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் விடைத்தாள் திருத்தினார். சாப்பிட்டார், தூங்கினார், எழுந்தார். வீடே சப்பென்று ஆகிவிட்டது.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. ஒரு ஞாயிறு காலை மீன்கடைக்காரர் கையில் ஒரு பொட்டலத்தோடு மாடிக்கு வந்தார்.

"பழைய ட்ரே விரிசல் விட்டுடுச்சுன்னு சொன்னியே. இப்பத்தான் பாத்திரக்கடைக்காரன் கடை திறந்தான், புதுசு வாங்கிட்டேன். வா, சும்மா காலை நனைச்சுட்டு வரலாம்."

"எனக்கு மனசே இல்லைங்க."

"மனசை வீட்லயே விட்டுட்டு வா. காலு மட்டும் போதும்."

பேச்சுக்குக் குறைச்சல் இல்லாத மனிதர். டீச்சர் சலித்துக்கொண்டே போனார். பரணிலிருந்து எடுத்த வலையில் சிலந்தி குடியிருந்தது, அதைத் தட்டிவிட்டார். ஓடைக்கரையில் உட்கார்ந்து, புது ட்ரேயின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தார். இரண்டாவது தடவை அள்ளிக் கொட்டியபோது வந்துவிட்டது அந்தக் கத்தல். செக்கச் செவேலென்ற உடம்பு, முதுகில் கறுப்பாக ஒரு பட்டை. ட்ரேயில் ஏழெட்டு ஓடின. இந்த ஓடையில் இப்படி ஒன்றை டீச்சர் ஆயுசில் பார்த்ததில்லை. மீன்கடைக்காரர் கரையில் குடையைச் சுழற்றிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இந்த உண்ணிக் குடும்பமே கடலுக்கு அந்தப் பக்கத்துக் கண்டத்தில் மட்டும்தான் உண்டு என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. இங்கே எப்படி? கண்டங்கள் பிரிவதற்கு முன்னாலிருந்தே இந்த ஓடையில் இருக்கிறதா? பெரியம்மாவுக்குப் படங்கள் அனுப்பினார். பெரியம்மா உடனே எழுதினார்: நீ சொல்வது சரிதான், சீக்கிரம் எழுது, ஆண் உண்ணி கிடைக்கிறதா என்று தேடு. டீச்சர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். இப்பகுதியின் முதல் பதிவு என்று கட்டுரை போனது. ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது, அடுத்த இதழில் வரும் என்றார்கள். கல்லூரி முதல்வர், அதுவரை உண்ணி என்றாலே சொறிந்துகொள்கிற மனிதர், கூப்பிட்டுக் கைகொடுத்தார்.

ஆண் உண்ணிக்காக டீச்சர் திரும்பத் திரும்பப் போனார். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்தச் சிவப்பு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடியும் தட்டுப்படவில்லை. மீன்கடைக்காரர் இப்போதெல்லாம் கரையில் கதை பேசாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் அதைக் கவனித்தாரே தவிர, கடையில் ஏதோ கவலை என்று விட்டுவிட்டார்.

ஒரு மாலை, கல்லூரியிலிருந்து வந்து கடை வழியாக மாடி ஏறப் போனபோது, செடித் தொட்டியின் கண்ணாடியில் ஒரு புள்ளி ஏறுவது தெரிந்தது. செக்கச் செவேல். டீச்சர் பையிலிருந்த லென்ஸை எடுத்தார். முதுகில் கறுப்புப் பட்டை.

"இந்தச் செடி எங்கேர்ந்து வந்துச்சு?"

"புது ஆள்கிட்ட எடுக்கிறோம் அண்ணி, கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற சரக்கு" என்றாள் நாத்தனார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சர் லென்ஸைப் பையில் போட்டார். புத்தி வேலை செய்தது. இந்த வேலையில் எல்லாருக்கும் நேரக்கூடிய தப்புதான். ஒரு தண்ணீரில் இருந்தது வலையிலோ தட்டிலோ ஒட்டிக்கொண்டு இன்னொரு தண்ணீரில் கிடைத்த மாதிரித் தெரியும். பின்னால் நின்ற கணவரிடம் திரும்பினார்.

"ஏங்க, என் ட்ரேயில செடி ஏதாவது கழுவினீங்களா?"

மீன்கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சட்டென்று தலையை ஆட்டினார். "ஆமாம்மா. கழுவியிருப்பேன். மறந்தே போச்சு. தப்புதான்."

டீச்சர் படி ஏறினார். பாதிப் படியில் நின்றார். இறங்கி வந்தார்.

"அந்த ட்ரே அன்னைக்குக் காலையிலதானே வாங்கினீங்க? உறையை ஓடைக்கரையில நான்தானே கிழிச்சேன்?"

"அப்போ வலையா இருக்கும்."

"வலை பரண்ல கிடந்துச்சு. அதுல சிலந்திதான் இருந்துச்சு."

நாத்தனார் கல்லாவிலிருந்து எழுந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அண்ணன் டப்பா கேட்டான், குடுத்தேன். அவ்ளோதான்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். குட்டு உடைந்தது.

"நான்தான் விட்டேன்" என்றார் மீன்கடைக்காரர்.

"ஓடையிலயா?"

"நீ ஷூ மாட்டிக்கிட்டிருந்தப்ப. நீ எப்பவும் முதல்ல அள்ளுற கல்லுக்குப் பக்கத்துல."

"எதுக்குங்க?"

"நீ கத்தி எத்தனை நாளாச்சு!" என்றார் அவர். "வீட்ல ஒரு பொணம் மாதிரி நடமாடிக்கிட்டிருந்த. ஒரு தடவை கத்தினா போதும்னு நினைச்சேன். சாயந்தரமே நீ கண்டுபிடிச்சுடுவ, நம்ம கடைச் சரக்குன்னு சொல்லி என்னைத் திட்டுவ, ரெண்டு பேரும் சிரிப்போம்னு நினைச்சேன். நீ என்னடான்னா கண்டம், கடல்னு ஆரம்பிச்சுட்ட. பாட்டு வேற பாடிக்கிட்டு எழுதின. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

டீச்சர் அழுதார். கோபத்தில் அழுகிறாரா, வெட்கத்திலா என்று அவருக்கே தெரியவில்லை. கட்டுரை வீணாய்ப் போனது ஒரு வலி. அதைவிட, அந்த ஞாயிறு அவருக்குக் கிடைத்த சந்தோஷம் யாரோ டப்பாவில் கொண்டுவந்து கொட்டியது என்பது தாங்க முடியாததாக இருந்தது. அந்த ஓடை ஒருபோதும் அவரிடம் பொய் சொன்னதில்லை. கொடுத்தால் கொடுக்கும், இல்லையென்றால் இல்லை. இப்போது அதன் வாயிலேயே பொய்யை வைத்துவிட்டாரே இந்த மனுஷன்!

"வேற என்னென்ன விட்டீங்க? இத்தனை வருஷத்துல?"

"வேற எதையும் விடல. இது ஒண்ணுதான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"



டீச்சர் ஆய்விதழுக்கு எழுத உட்கார்ந்தார். மாதிரியில் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்று ஒரே வரியில் கௌரவமாகப் பூசி மெழுகிவிடலாம், உலகத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த வரியை எழுதினார். பிறகு அழித்தார். என் கணவர் என்னை மகிழ்விப்பதற்காகத் தம் கடையில் இருந்த உண்ணிகளை ஓடையில் விட்டார், எனவே கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று உள்ளது உள்ளபடி எழுதினார். மீன்கடைக்காரர் கதவோரம் நின்று, "என்னைப் பத்தியும் எழுதியிருக்கியா?" என்று கேட்டார். "நீங்கதானே கதாநாயகன், உங்களை விட்டுட்டா எப்படி?" என்று டீச்சர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். கொஞ்ச நாளில் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. முதல்வர் மறுபடி சொறிய ஆரம்பித்தார்.

பெரியம்மாவின் பதில் சுருக்கமாக இருந்தது. படித்துவிட்டு முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிக்கவில்லை. அந்த அந்நிய உண்ணி அங்கே பெருகிவிடவில்லை என்று உறுதிசெய். இண்டு இடுக்கு விடாமல் பார்.

இது நியாயமான கவலை. வெளியூர் உயிர் ஒன்று வேரூன்றிவிட்டால் உள்ளூர் உயிர்களின் பிழைப்பு கெடும். தண்ணீர் உண்ணியின் குஞ்சு தும்பி மாதிரிப் பூச்சிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அவற்றின் சாற்றைக் குடித்துத்தான் வளரும். டீச்சர் தனியாகப் போனார். தும்பிகளை வலைவீசிப் பிடித்து, மார்பையும் வயிற்றையும் லென்ஸால் பார்த்துவிட்டுப் பறக்கவிட்டார். வேர்களை அலசினார். பாசியைப் பிழிந்தார். மழையும் வெயிலும் மாறி மாறி வந்து போயின, சிவப்பு உண்ணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் செத்துத் தொலைந்திருக்க வேண்டும். இனி பார்க்க என்ன பாக்கி என்று யோசித்தபோதுதான் ஓடைக்கு அடியில் உள்ள சரளை நினைவுக்கு வந்தது. அதற்குள்ளும் தண்ணீர் ஓடுகிறது, அங்கே இதுவரை அவர் கைவைத்ததில்லை. கரையோரம் மண்வெட்டியால் குழி தோண்டி, ஊறி வந்த தண்ணீரை முகந்து, வடிகட்டி, ட்ரேயில் ஊற்றினார்.

காத்திருந்தார். வெள்ளைத் தட்டில் வெள்ளையாகவே ஒன்று நகர்ந்தது. நிறமே கிடையாது, கண் இருக்கிற சுவடும் இல்லை. இருட்டில், கல்லிடுக்கில் பிழைக்கிற பிறவி.

டீச்சர் கத்தவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கரையைத் திரும்பிப் பார்த்தார். கரையில் யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து குப்பியைக் கல்லாமேல் வைத்தார். "இது உங்க கடையில இருந்ததா?"

மீன்கடைக்காரர் லென்ஸை வாங்கி, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்தார். "இல்லம்மா. இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல. சத்தியமா."

"உங்க சத்தியத்தை வெச்சுக் கட்டுரை எழுத முடியாதுங்க" என்றார் டீச்சர். திட்டுகிற குரலில் சொல்லவில்லை, வகுப்பில் பாடம் சொல்லும் குரலில்தான் சொன்னார். மீன்கடைக்காரருக்கு அது இன்னும் கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது. "இது முடியற வரைக்கும் நீங்க அந்த ஓடைப் பக்கமே வரக்கூடாது. வலையைத் தொடக்கூடாது. ட்ரேயைத் தொடக்கூடாது."

"குடை?"

"குடையையும்தான்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் டீச்சர் வலை, மண்வெட்டி, குப்பிகள் எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொண்டு கிளம்புவார். மீன்கடைக்காரர் வாசல் வரை வந்து, தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கடையைத் திறக்கவும் மனம் வராது, மூடி வைக்கவும் மனம் வராது. தேவையே இல்லாமல் தொட்டிகளைக் கழுவுவார். "அண்ணா, மீன்ல்லாம் குளிச்சுக் குளிச்சு ஜுரத்துல விழப்போகுது" என்பாள் தங்கை. டீச்சர் திரும்பி வந்ததும் முகத்தைப் பார்ப்பார். என்ன கிடைத்தது என்று கேட்க மாட்டார். டீச்சரும் சொல்ல மாட்டார். பேச்சுவார்த்தையெல்லாம் இருந்தது, ஒரே கட்டிலில்தான் படுத்தார்கள், ஆனால் அந்த ஓடை மட்டும் நடுவில் கிடந்தது.

ஒரு இனத்தைப் புதியது என்று சொல்ல ஒரு உண்ணி போதாது. ஆண் வேண்டும், பெண் வேண்டும், வெவ்வேறு குழியில், வெவ்வேறு பருவத்தில் கிடைக்க வேண்டும். டீச்சர் மேல்நோக்கி நடந்து, பட்டறைக்கு வெகுதூரம் தள்ளியும் தோண்டினார். அங்கேயும் இருந்தது. எல்லாம் பெண். பச்சை உண்ணியில் பட்ட அடி மறக்கவில்லை, ஆண் இல்லாமல் எழுதுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். கடைசியில், நீர் வற்றிய ஒரு கோடையில், ஆணும் கிடைத்தது. பெரியம்மாவுக்கு அனுப்பினார். பழைய கட்டுரைகளையெல்லாம் சலித்துப் பார்த்துவிட்டு, இந்த முறை இது உன்னுடையதுதான் என்று பெரியம்மா எழுதினார்.

கட்டுரை அச்சாகி வந்த அன்று டீச்சர் கல்லூரிக்குப் போகவில்லை. கீழே கடைக்கு இறங்கி, கல்லாமேல் விரித்து வைத்தார். மீன்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படங்களைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் பக்கம் பக்கமாகத் தள்ளினார். இந்த மாதிரிக் கட்டுரைகளின் கடைசியில் உதவியவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். டீச்சரின் பழைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் அவர் இருந்தார்: களப்பணியில் உடன்வந்து உதவிய என் கணவருக்கு. இந்த முறை இருக்காது என்று நினைத்துத்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பினார்.

"என் கணவருக்கு நன்றி. மாதிரிகள் சேகரித்த நாட்கள் அனைத்திலும் அவர் வீட்டிலேயே இருந்தார்."

நாத்தனார் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மீன்கடைக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ரொம்ப நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததை மெல்லக் கேட்டார்.

"அந்த ஆண் உண்ணி கிடைச்சப்போ... கத்தினியா?"

"கத்தினேன். பட்டறைக்காரங்க யாரோ தண்ணியில விழுந்துட்டாங்கன்னு ஓடி வந்துட்டாங்க."

"நல்லாக் கத்தினியா?"

"நல்லாவே கத்தினேங்க."

மீன்கடைக்காரர் தலையை ஆட்டினார். "சரி" என்றார்.